ஒத்திகை இல்லாத இருட்டு

இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகத்தில் எல்லாவற்றுக்கும் ஒத்திகை உண்டு. சாட்டையடிக்கு உண்டு, சிலுவை தூக்குவதற்கு உண்டு, சேவல் கூவுவதற்குக்கூட உண்டு. சேவலுக்குக் குரல் கொடுக்கிறவர் தவக்காலம் தொடங்கியதிலிருந்தே ஐஸ் தண்ணீரைத் தொட மாட்டார். இருட்டுக்கு மட்டும் ஒத்திகை கிடையாது. இயேசு தலை சாய்ந்ததும் நாடகம் நடக்கிற மன்றம் முழுக்க இருட்டாக வேண்டும். அந்த இருட்டு நாடகத்தன்று ஒரே ஒரு தடவைதான் வரலாம். அதற்கு முன்னால் வரவழைத்துப் பார்த்தால் பங்கில் ஒரு வீட்டில் சாவு விழும் என்பது பாலக்கரைப் பக்கத்து அந்தக் கோயில் பங்கில் ஒரு நம்பிக்கை. யார் சொல்லி வைத்தது என்று யாருக்கும் தெரியாது. இல்லையென்று சோதித்துப் பார்க்கவும் ஆள் இல்லை.

இருட்டை வரவழைக்கிற விதமும் தனி. விளக்கை அணைப்பதில்லை, மெயினையே இறக்குவார்கள். மேடைக்குப் பின்னால் மரப்படிக்கட்டுக்குப் பக்கத்துச் சுவரில் பழைய இரும்புப் பெட்டி மெயின் இருந்தது. வருஷா வருஷம் இருட்டுக்குப் பொறுப்பான அற்புதசாமி அதன் கைப்பிடியைக் கீழே இழுத்தால் விளக்கு, மைக்கு, மின்விசிறி எல்லாம் ஒரே மூச்சில் நிற்கும். பங்குனி வெயிலைப் பகலெல்லாம் குடித்த தகரக் கூரை மன்றம் அது. ஜனங்களுக்கு இருட்டைவிட மின்விசிறி நிற்பதுதான் நெஞ்சில் உறைக்கும். கழுத்தில் வேர்வை இறங்கும்போதுதான் அழுகையும் வரும் என்று அற்புதசாமி சொல்லுவார். அவர் சொன்னதில் தப்பில்லை.

போன வருஷம் அந்த இருட்டில்தான் பெலிண்டா விழுந்தாள்.

பெலிண்டா அற்புதசாமியின் ஒரே தங்கை. தில்லை நகரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். மணிக்கணக்கில் நின்றபடி, டாக்டர் கையை நீட்டும் முன்பே வேண்டியதை எடுத்து வைக்கிறவள் என்று பெயர் வாங்கியிருந்தாள். நாடகத்தில் பெண்களுக்கு உடுப்பு மாட்டிவிடுவது அவள் பொறுப்பு. மாதா வேஷக்காரிக்கு முக்காடு நழுவுகிறது என்று ஊசி எடுக்க மேடையிலிருந்து அந்தப் படி வழியாக இறங்கினாள். பாதிப் படியில் இருக்கும்போது அண்ணன் மெயினை இறக்கிவிட்டார். கணுக்கால் எலும்பு நொறுங்கிப்போய், தகடு வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது. நிற்கிற தெம்பு கூடவில்லை. இப்போது அதே ஆஸ்பத்திரியில் வாசல் மேஜையில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிறாள்.

விழுந்ததைக்கூட அவள் மறந்திருப்பாள். கட்டிலில் கிடந்தவளின் காதுபட அற்புதசாமி யாரிடமோ, "மெயின் எறங்குற நேரம் இவளுக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டார். பயத்தில் வந்த பேச்சுதான் அது. ஆனாலும் வந்த பேச்சு வந்ததுதான். அன்றோடு அண்ணன் தங்கச்சிக்குள் பேச்சுவார்த்தை நின்றது.

பேச்சு நின்றதே தவிர மீன் நிற்கவில்லை. திருவெறும்பூரில் குடியிருந்து அங்கேயே ஓர் ஆலையில் வெல்டராக இருந்த அற்புதசாமி, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் உறையூர் மீன் மார்க்கெட்டுக்குப் போவார். தங்கச்சி வீட்டு கேட்டில் பையை மாட்டிவிட்டு வண்டி ஹாரனை ஒரு தடவை அடித்துவிட்டுப் போய்விடுவார். பெலிண்டா எடுத்து, ஆய்ந்து, குழம்பு வைப்பாள். அக்கம்பக்கத்தில் யாராவது கண்ணடித்துக் கேட்டால், "கோவம் ஆள் மேலதான். மீன் என்ன பண்ணுச்சு?" என்பாள்.

இந்த இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன் ஜூட். பெலிண்டாவின் புருஷன், எலக்ட்ரீஷியன். கல்யாண மண்டபம், நர்சிங் ஹோம் என்று பெரிய கட்டிடங்களுக்கு வயரிங் வேலை எடுத்துச் செய்கிறவன். கை சுத்தம், வேலை சுத்தம். ஒரே ஒரு கோளாறு, யாரிடமாவது முகத்துக்கு நேரே ஒன்றைச் சொல்ல வேண்டி வந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதை மூன்றாவது ஆளிடம் சொல்லிவிட்டு, சொல்லியாகிவிட்டது என்று நிம்மதியாக வந்துவிடுவான்.

இந்த வருஷம் நாடகம் போட வேண்டுமானால் மன்றத்துக்குப் பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும் என்று பங்குச் சாமியார் சொல்லிவிட்டார். தீப்பிடித்தாலோ கரண்டு நின்றாலோ, யார் எந்த விளக்கை அணைத்து வைத்திருந்தாலும் அதையெல்லாம் மீறி எல்லா விளக்கும் தானாக முழு வெளிச்சத்தில் எரிகிற மாதிரி ஒரு கருவி வந்திருக்கிறது. ஓவர்ரைடு என்று பேர். ஜூட் அந்த வேலையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டான். தன் பெண்டாட்டி விழுந்த இடத்துக்கு வேறு ஒருத்தன் விளக்குப் போடுவது அவனுக்குப் பொறுக்கவில்லை.

வேலையைத் தொடங்குவதற்கு முன் ஸ்ரீரங்கத்துக்குப் போனான். நாடகத்துக்கு மேடை விளக்குப் போடுகிற ரெங்கராஜ் அங்கேதான் இருந்தார். சபாக் கச்சேரி, பரதநாட்டியம், பாஸ்கா எதுவானாலும் வெளிச்சத்தை ஏற்றி இறக்குகிற அவருடைய டிம்மர் போர்டுதான். காவிரிப் பாலத்தில் அனல் முகத்தில் அடித்தது. ஆற்றில் ஒரு ஓரமாகத் தண்ணீர் நூல் பிடித்த மாதிரி ஓடியது, மற்றதெல்லாம் மணல். அம்மா மண்டபம் ரோட்டில் ரெங்கராஜின் குடோன். நடுப்பகல் என்பதால் அவர் தயிர்சாதத்துக்கு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க ஜூட்டு. இந்த வெயில்ல பாலத்துல வந்தீங்களா? உக்காருங்க. ஒரு கை சாப்பிடுங்க. மாவடு புதுசு."

"வேணாம் ரெங்கண்ணே, வீட்டுல கட்டிக் குடுத்துருக்கு. உங்க போர்டு விஷயமா வந்தேன்."

"என் போர்டுக்கு என்ன வந்துச்சு?"

"நீங்க எவ்வளவுதான் எறக்கி வெச்சிருந்தாலும், நான் போடுற லைன் உள்ள வந்துச்சுன்னா லைட்டெல்லாம் முழுசா எரியும். உங்களால ஒண்ணும் பண்ண முடியாது."

"அப்ப எனக்கு அங்க என்ன வேலை? தீர்த்தம் குடுக்கவா?"

"ஆபத்துக்குத்தாண்ணே. மத்த நேரமெல்லாம் உங்க ராஜ்ஜியந்தான். செவப்புப் பட்டன் ஒண்ணு இருக்கும், அமுக்குனா வரும். யாரும் அமுக்கலேன்னாலும் மெயின்ல கரண்டு நின்னா தானா வந்துரும். பேட்டரி இருக்கு."

ரெங்கராஜ் மாவடுவைக் கடித்தவர் நிறுத்தினார். "மெயின்ல நின்னாவா? அப்ப உங்க மச்சான் மெயினை எறக்குனா?"

"எறக்கக் கூடாது. இருட்ட நீங்க போர்டுலயே பண்ணிருங்க. ஃபேனுக்குத் தனியா சுவிட்ச் குடுத்துர்றேன், அதையும் அந்த நேரத்துல நிறுத்திக்கலாம்."

"நல்லாத்தான் இருக்கு. அவருகிட்ட யாரு சொல்றது?"

"நீங்கதாண்ணே சொல்லணும்."

"நானா? நான் வெளியாளுங்க. வருஷத்துக்கு ஒரு தடவ வந்து லைட்டு போட்டுட்டுப் போறவன். நீங்க சொந்தம்."

"சொந்தங்கிறதாலதான் முடியல. மெயினத் தொடாதீங்கன்னு என் வாயால சொன்னா, போன வருஷம் நீங்கதான் என் பொண்டாட்டி கால ஒடச்சீங்கன்னு சொன்னாப்ல ஆயிடும். மனுஷன் செத்துருவாரு."

ரெங்கராஜ் கையைக் கழுவிக்கொண்டு வந்து துண்டில் துடைத்தார். "சரி, சொல்றேன். சமயம் பாத்துச் சொல்றேன்" என்றார். ஜூட்டுக்குப் பாரம் இறங்கியது. திரும்பும்போது பாலத்து அனல்கூட அவ்வளவாக உறைக்கவில்லை.

வேலை மும்முரமாக நடந்தது. கூரைக்கடியில் புறா எச்சம் சாண் உயரத்துக்குப் படிந்திருந்தது. ஜூட் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, ஏணியில் நின்று, தீயில் கருகாத சிவப்பு ஒயரைப் பைப்புக்குள் இழுத்தான். தகரத்துக்கு அருகில் தலை போனால் தோசைக்கல்லுக்கு மேலே குனிகிற மாதிரி இருக்கும். முதல் விளக்கை மரப்படிக்கட்டுக்கு நேர் மேலே போட்டான். மற்ற விளக்குகளெல்லாம் அதற்குப் பிறகுதான். பேட்டரிப் பெட்டியைப் பக்கவாசல் ஓரமாக வைத்தான். அணைக்கிற சாவி ஒன்றுதான், அது தன்னிடமே இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டான். எல்லாம் முடிந்து ஒரு புதன்கிழமை மத்தியானம், சாமியாரை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெயினை இறக்கிப் பார்த்தான். பகல் வெளிச்சம் இருந்ததால் அது இருட்டில் சேராது என்று சாமியாரே சமாதானம் சொன்னார். கைப்பிடி இறங்கிய மறுநொடி விளக்கெல்லாம் பளிச்சென்று எரிந்தன. சாமியார் கைதட்டினார். அற்புதசாமி அப்போது திருவெறும்பூரில் பற்றவைப்பு வேலையில் இருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹாரன் சத்தம் கேட்டதும் ஜூட் வாசலுக்கு ஓடினான்.

"மச்சான், உள்ள வாங்க."

"இல்ல மாப்ள. ஷிப்டு இருக்கு."

"ஞாயித்துக்கெழமைல என்ன ஷிப்டு?"

"ஓவர்டைமு." பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அற்புதசாமி பையை கேட்டில் மாட்டினார். "சங்கரா நல்லா இருந்துச்சு. பாப்பாவுக்குப் புடிக்கும்." முடி நரைக்கத் தொடங்கிய தங்கச்சி அவருக்கு இன்னும் பாப்பாதான்.

"சொல்றேன் மச்சான்."

"மன்றத்துல புதுசா லைட்டு போடுறியாமே. எப்புடி அது?"

"செவப்புப் பட்டன் வெச்சிருக்கேன். கண்ணாடியத் தட்டிட்டு அமுக்குனா மன்றம் பூரா எரியும்."

மெயினை இறக்கினாலும் எரியும் என்கிற மீதிப் பாதி ஜூட்டின் தொண்டை வரைக்கும் வந்தது. ரெங்கராஜ் சொல்லியிருப்பார் என்று நினைத்து அதை விழுங்கிக்கொண்டான். ரெங்கராஜும் இரண்டு ஒத்திகைக்கு வந்து அற்புதசாமியோடு டீ குடித்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் அவருக்கும் வாய் வரவில்லை. ஜூட்டே வீட்டில் வைத்துப் பக்குவமாகச் சொல்லியிருப்பார் என்று அவரும் இருந்துவிட்டார். அற்புதசாமிக்கோ சிவப்புப் பட்டனைத் தவிர ஒன்றும் தெரியாது.

"பாப்பா நாடகத்துக்கு வருதா?" என்று வாசலில் நின்றபடியே அற்புதசாமி கேட்டார்.

"கூப்பிட்டிருக்கேன்."

"வரட்டும். படிப்பக்கம் மட்டும் வர வேணாம்னு சொல்லு."

ஜூட்டுக்குச் சுர்ரென்று ஏறியது. இன்னமும் குற்றம் அவள் மேல்தானா? "அத நீங்களே சொல்லுங்க மச்சான்" என்றான்.

"நான் என்னத்தச் சொல்றது" என்று வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

உள்ளே பெலிண்டா ஸ்டூலில் உட்கார்ந்து அரிவாள்மனையைத் தயாராக வைத்திருந்தாள். "என்ன சொன்னாரு?"

"ஒண்ணுமில்ல. ஒன்னை நாடகத்துக்கு வரச் சொன்னாரு."

"இவ்வளவு நேரமா இத்தனைதான் சொன்னாரா?" மீனின் செதிலை உரசினாள். "எனக்கு ஒரு வார்த்தைங்க. பாக்காம எறக்கிட்டேன் பாப்பான்னு ஒரே ஒரு வார்த்தை. என் வேலை போச்சு, நிக்க முடியல, அதெல்லாம் கூட விடுங்க. அந்த ஒரு வார்த்தைக்கு வாய் வரல, வாராவாரம் மீனு மட்டும் வருது."

"அவருக்கும் உள்ளுக்குள்ள இருக்கும் பெலிண்டா."

"உள்ளுக்குள்ள இருந்து எனக்கு என்ன பிரயோஜனம்?"

"நாடகத்துக்கு வா. பக்கவாசல் ஓரமா சேர் போடுறேன், கால நீட்டிக்கலாம். இருட்டுனாலும் பயமில்ல. நான் போட்ட லைட்டு இருக்கு."

"நீங்க போட்டதுக்காக வரேன்" என்றாள். "அந்த ஒரு வார்த்தை இந்தத் தடவையும் வரலேன்னா, அடுத்த ஞாயித்துக்கெழமையிலேருந்து மீனும் வேணாம்னு சொல்லிருங்க. திங்க முடியலைங்க. தொண்டைல நிக்குது."

அவள் அழவில்லை, விளையாட்டுக்கும் சொல்லவில்லை. மீனும் நின்றுபோனால் அந்த உறவில் மிச்சம் ஒன்றும் இருக்காது என்று ஜூட்டுக்குத் தெரிந்தது. அன்றைக்குச் சோறு அவனுக்கும் சரியாக இறங்கவில்லை.

நாடகத்தன்று சாயங்காலமே மன்றம் நிரம்பிவிட்டது. ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி அடித்திருந்தார்கள். வேர்க்கடலைப் பொட்டலமும் அழுகிற குழந்தைகளுமாக ஜனம் நெருக்கியடித்தது. பெலிண்டா நீலப் புடவை கட்டி, பக்கவாசல் ஓரத்து நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தாள். ஜூட் அவளுக்குப் பின்னால், பேட்டரிப் பெட்டியை ஒட்டி நின்றான். அங்கிருந்து மேடையும் தெரியும், எட்டிப் பார்த்தால் மேடைக்குப் பின்புறமும் தெரியும். சேவல் நன்றாகக் கூவியது. சாட்டையடிக்கு வழக்கம்போல நாலைந்து பெண்கள் கேவினார்கள். பெலிண்டா மேடையைப் பார்த்ததைவிட மேடைக்குப் பின்னால் தெரிந்த கறுப்பைத்தான் அதிகம் பார்த்தாள்.

சிலுவை நின்றது. இயேசு தலை சாய்ந்தார். ரெங்கராஜ் போர்டில் விரலை மெல்ல இறக்க, வெளிச்சம் சிவந்து, மங்கி, அடங்கிக்கொண்டு வந்தது. அது முழுக்க அடங்குவதற்குள் மேடைக்குப் பின்னால் டக்கென்று இரும்புச் சத்தம் கேட்டது. மின்விசிறிகள் நின்றன. ஒரு கண் சிமிட்டுகிற நேரம் கும்மிருட்டு. அடுத்த நொடி மன்றத்தில் இருந்த அத்தனை விளக்கும் பளீரென்று எரிந்தன.

சிலுவையில் செத்திருந்த இயேசு கண் கூசி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். இருட்டை நம்பி ஈட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்ட படைத்தலைவர், கவசத்துக்குள் கையை விட்டு முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார். மாதா முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். பின்வரிசையில் ஒருத்தன், "மூணு நாளு பொறுக்க முடியலையா அவருக்கு?" என்றான். மன்றமே சிரித்தது.

"ஜூட்டு! அணைங்க!" என்று ரெங்கராஜ் கத்தினார். "நீங்க அவருகிட்ட சொல்லலியா?"

"நீங்க சொல்லலியாண்ணே?"

சாவியை எடுத்துக்கொண்டு திரும்பின ஜூட், பெலிண்டாவின் நாற்காலி காலியாக இருப்பதைப் பார்த்தான். அவள் பக்கவாசலைத் தாண்டி, சுவரைப் பிடித்தபடி மேடைக்குப் பின்னால் நின்றிருந்தாள். ஓடிப்போய் அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தான்.

மெயினுக்குப் பக்கத்தில் ஆள் இல்லை. அதன் கைப்பிடியில் துணி காயப்போடுகிற நைலான் கயிறு கட்டியிருந்தது. கயிறு சுவரோரமாக இறங்கி மரப்படிக்கட்டுக்குப் போயிற்று. கீழ்ப்படியில் அற்புதசாமி உட்கார்ந்திருந்தார். கயிற்றின் நுனி அவர் மடியில் கிடந்தது. இரண்டு கையையும் விரித்து, படியின் இரண்டு பக்கத்துக் கைப்பிடியையும் இறுகப் பற்றியிருந்தார். கால்களை எதிர்ச்சுவரில் உதைத்து முட்டுக்கொடுத்திருந்தார். கீழேயிருந்து யாரும் ஏற முடியாது. மேலேயிருந்து யாராவது தடுமாறினால் அவர் முதுகில்தான் விழ வேண்டும். இருட்டில் யாருக்கும் தெரியாமல் முடிந்துபோக வேண்டிய காரியம் அது. தலைக்கு நேர் மேலே எரிந்த விளக்கை அண்ணாந்து பார்த்து அவர் திருதிருவென்று விழித்தார்.

"என்ன மாப்ள இது? நான் எறக்கிட்டேனே."

"எறக்குனாத்தான் மச்சான் அது எரியும்."

"முன்னாடியே சொல்லக் கூடாதா?"

பெலிண்டா சுவரைப் பிடித்தபடியே முன்னால் போனாள்.

"என்னண்ணே பண்ற இங்க?"

போன வருஷத்துக்குப் பிறகு அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். அற்புதசாமி பதறிப்போனார். கையை மட்டும் எடுக்கவில்லை.

"ஒண்ணுமில்ல பாப்பா. நீ வராத. படி இருக்கு."

"கேக்குறேன்ல. என்ன பண்ற?"

"யாராச்சும் எறங்கி வருவாங்க." மேடைப் பக்கம் சிரிப்பு இன்னும் ஓயவில்லை. அவர் குரல் அதற்குள் அமுங்கி வந்தது. "போன வருசம் பாக்கல பாப்பா. எறக்குறதுக்கு முன்னாடி பாத்திருக்கணும்."

பெலிண்டாவுக்கு அழுகை வந்துவிட்டது. கேட்டே ஆக வேண்டும் என்று காத்துக்கிடந்த வார்த்தை வந்தபோது அவளுக்குச் சந்தோஷமாகவும் இல்லை. வயசான மனிதன் இப்படிக் கையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே என்றுதான் இருந்தது. புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"தள்ளி உக்காரு."

"என்ன?"

"தள்ளி உக்காருண்ணே. என்னால ரொம்ப நேரம் நிக்க முடியாதுல்ல."

அற்புதசாமி ஒரு பக்கத்துக் கைப்பிடியை விட்டுவிட்டுச் சுவரோரமாக ஒதுங்கினார். அவள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, காலை மெல்ல நீட்டி, அந்தப் படியில் உட்கார்ந்தாள்.

ரெங்கராஜ் மூச்சிரைக்க ஓடிவந்தார். "என்ன ஜூட்டு பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? இயேசு தொங்கிக்கிட்டு இருக்காரு, ஜனம் சிரிக்குது. அணைங்க சீக்கிரம், இருட்டு வேணும்."

ஜூட் அவரை நேராகப் பார்த்தான்.

"இந்த வருஷம் இருட்டு கெடையாதுண்ணே" என்றான். "இயேசுவ வெளிச்சத்துலயே எறக்கச் சொல்லுங்க."